நாளையிலிருந்து நெடுந்தீவு

பந்தல் கழற்றுகிற சத்தத்தில்தான் உதயகலாவுக்கு விழிப்பு வந்தது. எழுந்து யன்னலைத் திறந்தாள். வாழை கட்டுவதற்கென்று முற்றத்தில் நாட்டிய கப்புத் தடிகளை இரண்டு பேர் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அண்ணன் தயாபரன் வெள்ளைத் துணியைச் சுருட்டித் தோளில் போட்டபடி நின்றார். வானம் சாம்பல் பூசினாற்போல் கிடந்தது. காற்று இன்னும் பெரிதாகத் தொடங்கவில்லை. ஆனாலும் கரவெட்டியின் தென்னைகள் எல்லாம் எதையோ கேட்டுவிட்டதுபோல ஒரே பக்கம் தலையைச் சாய்த்து நின்றன.

கலியாணம் அடுத்தநாள் காலை.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

தயாபரன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "காத்துக்குப் பந்தல் நிக்காது பிள்ளை. நிண்டாலும் பிரியோசனமில்லை. மாப்பிள்ளை வரமாட்டார்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான். ராத்திரி போன் எடுத்தவர். புயலெண்டபடியால் தீவு ஆஸ்பத்திரியிலை எல்லாற்றை லீவையும் நிப்பாட்டிப்போட்டினமாம். அம்புலன்ஸ் ஓட அவரை விட்டால் ஆளில்லையாம். தை மாசம் பாப்பம் எண்டார்."

"என்னை ஏன் எழுப்பேல்லை?"

"எழுப்பி என்ன செய்யிறது? நீ புயலை நிப்பாட்டப் போறியே?"

உதயகலா யன்னலைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்துக் குகதாசனின் இலக்கத்தை அழுத்தினாள். மணி போகவில்லை. மறுபடி அழுத்தினாள். நெடுந்தீவுக்கு லைன் கிடைக்கவில்லை.

அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. இருபத்தைந்தில் பேசிய மாப்பிள்ளை, பாதை பூட்டியதால் வன்னிக்குள்ளே நின்றுவிட்டான். சண்டை முடிந்தபிறகும் அவன் வரவில்லை. அவன் எங்கே என்று சொல்லவும் ஆளில்லை. அதற்குப் பிறகு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அவரை நான்கு வருடம் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, அனுப்பிவைத்தாள். பிறகு சுவிசில் ஒருவர் சரி என்றார். நாள் வைத்தபோது கொரோனா வந்தது. கொரோனா போனபோது அவருடைய மனமும் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் "தை மாசம் பாப்பம்" என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தார்கள். அந்தத் தை மாதங்கள் ஒன்றும் அவளுடையதாக வரவில்லை.

குகதாசனை ஒருவரும் பேசிக் கொண்டுவரவில்லை. அவளாகக் கண்டது. சின்னம்மா பராசக்திக்குக் கண்ணில் படலம் வெட்டிய நேரம், யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் துணைக்கு நின்றாள். தீவிலிருந்து ஒரு கிழவரைக் கொண்டுவந்து சேர்த்த அம்புலன்ஸ் சாரதி, வேலை முடிந்தும் போகாமல் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். கிழவருக்குச் சொந்தம் என்று ஒருவரும் வரவில்லை. சாரதிதான் தேத்தண்ணி வாங்கிவந்து ஆற்றிக் கொடுத்தார். வாயைத் துடைத்துவிட்டார். "உங்கடை அப்பாவோ?" என்று உதயகலா கேட்டாள். "இல்லை. நான் ஏத்திக்கொண்டு வந்த ஆள். எழும்பேக்கை தெரிஞ்ச முகம் ஒண்டு வேணுமெல்லோ" என்றார் அவர். மனைவி புற்றுநோயில் இறந்து ஆறு வருடம் என்பதும் பிள்ளைகள் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. சின்னம்மாவின் கண் சுகமாவதற்குள் உதயகலா தீர்மானித்துவிட்டாள்.

இப்போதும் தீர்மானிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. முகம் கழுவி, சேலை உடுத்து, முற்றத்துக்கு வந்தாள்.

"அண்ணை, அவர் வர ஏலாட்டி நான் போறன்."

"எங்கை?"

"நெடுந்தீவுக்கு. அங்கையும் கோயில் இருக்குதுதானே. அங்கையும் ஐயர் இருக்கிறார்தானே. நாளும் முகூர்த்தமும் மாறத் தேவையில்லை."

தயாபரன் தோளிலிருந்த துணியைக் கீழே போட்டார். "உனக்கென்ன பைத்தியமே? பொம்பிளை தாலியையும் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போறதோ? உலகத்திலை எங்கை நடந்தது? சனம் காறித் துப்பும்."

"துப்பட்டும். மழை வருகுது, கழுவுப்படும்."

"கடலைப் பாத்தியே நீ? ரேடியோவிலை என்ன சொல்லுறாங்கள் எண்டு கேட்டியே?"

"கேட்டனான். பின்னேரத்துக்குப் பிறகுதான் கடுமையாம். மத்தியானத்துக்கு முன்னம் ஒரு படகு போகும்."

"நான் வரமாட்டன். சொல்லிப்போட்டன். உன்ரை கூத்துக்கு நான் வந்து நிக்கமாட்டன்."

அண்ணன் இல்லாமல் ஒரு கலியாணம் என்று அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை. ஆனால் குரலை உடையவிடவில்லை. "நீங்கள் வராட்டி எனக்குக் கவலைதான் அண்ணை. ஆனால் நான் போறன். அலுமாரித் திறப்பைத் தாங்கோ."

அவர் தரவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு வெங்காயத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். சாவி அவருடைய சட்டைப் பையில் போயிற்று.

அவள் என்ன செய்வது என்று தெரியாமல் சாமியறை வாசலில் நின்றபோது, அண்ணனின் மனைவி தனுசியா ஒரு பிரயாணப் பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். உள்ளே கூறைச் சேலை, நெல்லியடி ஆசாரி செய்த தாலிக்கொடி, மஞ்சள், குங்குமம், வெற்றிலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சால்வை, எல்லாம் பொலித்தீனில் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது.

"என்னட்டையும் ஒரு திறப்பு கிடக்கு மச்சாள். அவருக்குத் தெரியாது" என்றாள் தனுசியா. "கெதியாய்ப் போங்கோ. அவர் திரும்பி வந்தாரெண்டால் நான் சமாளிக்கிறன்."

நெல்லியடிச் சந்தியில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நின்றபோது, பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. பராசக்தி. ஒரு கையில் குடை, மறுகையில் பனையோலைப் பை, காலில் மகனுடைய ரப்பர் சப்பாத்து.

"சின்னம்மா, நீங்கள் எங்கை?"

"கலியாண வீட்டுக்கு" என்றார் பராசக்தி. "பொம்பிளை தனிய வந்து இறங்கினாளெண்டு நாளைக்கு ஆரும் கதைக்கப்படாது. நகர், பஸ் வருது."

*

யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, வேலணை தாண்டிப் புங்குடுதீவுக்குப் போனபோது, பஸ்ஸுக்குள் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியில் இருபுறமும் தண்ணீர் தெருவின் உயரத்துக்கு வந்து நின்றது. அலை தெறித்துக் கண்ணாடியில் விழுந்தபோதெல்லாம் பராசக்தி "அம்மாளாச்சி" என்றார். உதயகலா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. நயினாதீவுப் படகுகள் ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டப்பட்டு உரசிக்கொண்டு நின்றன. நெடுந்தீவுக்குப் போகிற ஒன்று மட்டும் எஞ்சினைப் போட்டு வைத்திருந்தது. அரிசி மூட்டைகள், பால்மா, மெழுகுதிரிப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஏணிப்படியில் மழையங்கி போட்ட ஓர் அதிகாரி நின்று ஒவ்வொருவராக விசாரித்து அனுப்பினார்.

"இது கடைசி ஓட்டம். தீவு ஆக்கள் மட்டும்தான். மற்றாக்கள் திரும்புங்கோ" என்று கத்தினார். உதயகலாவின் முறை வந்தது. "அம்மா, நீங்கள் நெடுந்தீவோ?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உண்மை சொன்னால் திருப்பிவிடுவார்.

"நாளையிலை இருந்து" என்றாள்.

அதிகாரி விளங்காமல் பார்த்தார். "என்ன?"

"நாளைக்கு எனக்குக் கலியாணம். அம்புலன்ஸ் ஓடுற குகதாசனுக்கும் எனக்கும். அவரை அங்கையிருந்து விடமாட்டினமாம். அதுதான் நான் போறன். இவ என்ரை சின்னம்மா."

சட்டத்தில் அப்படி ஒன்றுக்கு வழி இருந்திருக்காது. அதிகாரி பதில் சொல்லுமுன் படகின் முன் அணியத்திலிருந்து ஒரு தடித்த மனிதர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆட, எட்டிப் பார்த்தார். படகோட்டி லெனாட்.

"ஆர், எங்கடை குகனுக்குப் பாத்த பொம்பிளையோ? ஐயா, விடுங்கோ ஐயா. என்ரை மனுசியை நடுச்சாமத்திலை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அவன். அவன்ரை கலியாணத்தை நான் கரையிலை விட்டிட்டுப் போனால் மனுசி என்னை வீட்டுக்குள்ளை அடுக்காள்."

அதிகாரி வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பிறகு இரண்டு பாதுகாப்பு அங்கிகளை எடுத்து நீட்டினார். "கழட்டப்படாது. கரைக்குப் போகுமட்டும் கழட்டப்படாது" என்றார்.

படகு துறையை விட்டு விலகிய கொஞ்சத்தில் கரை மறைந்தது. வாடைக்காற்று ஒரு பக்கத்தால் அடிக்க, படகு சரிந்தும் நிமிர்ந்தும் போயிற்று. ஒவ்வொரு அலையிலும் ஏறி நின்று, அடுத்த கணம் குழியில் விழுந்ததுபோல விழுந்தது. உதயகலாவுக்குத் தோட்டம்தான் தெரியும். வெங்காயம் நடுவாள், தண்ணீர் கட்டுவாள், லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு வண்டி பிடித்து உழுவாள். கடலில் நயினாதீவுக்கு ஒருமுறை போய்வந்ததோடு சரி. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. பராசக்தி ஒரு கையால் அவளுடைய நெற்றியைத் தாங்கி, மறுகையால் பையைப் பிடித்துக்கொண்டார்.

வயிறு வெறுமையான பிறகு மனம் ஆடத் தொடங்கியது. தை மாதம் என்று சொன்னது அவர்தானே? அண்ணன் இட்டுக்கட்டிச் சொல்லவில்லையே? ஒருவேளை புயல் அவருக்கு வாய்ப்பாகிப் போயிருக்கலாம். ஒருவேளை சுவிஸ்காரரைப்போல இவருக்கும் உள்ளுக்குள் ஏதாவது மாறியிருக்கலாம். அழைக்காத இடத்துக்குத் தாலியோடு போகிறேனோ?

"சின்னம்மா, அவருக்கு விருப்பமில்லாட்டி?"

பராசக்தி எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். "இல்லாட்டி அவரின்ரை வாயாலை கேட்டிட்டுத் திரும்புவம். போனிலை கேக்கிறதும் முகத்துக்கு நேரை கேக்கிறதும் ஒண்டே?"

அது போதுமாக இருந்தது. கேட்டுவிட்டுத் திரும்பலாம். ஆனால் கேட்காமல் திரும்புவதில்லை.

*

மாவிலித்துறையில் படகு அணைந்தபோது, இறங்குதுறையின் முனையில் பின்கதவு திறந்தபடி வெள்ளை அம்புலன்ஸ் நின்றது. திரும்பிப்போகும் படகில் ஒரு நோயாளியை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றுவதற்காகக் குகதாசன் வந்திருந்தார். ஸ்ட்ரெச்சரை ஏற்றிக் கொடுத்து நிமிர்ந்தவர், நனைந்த சேலையோடும் செம்மஞ்சள் அங்கியோடும் ஏணியில் ஏறிவருகிறவளைக் கண்டார். முகம் சிவந்தது.

"உங்களுக்கு விசரே? இந்தக் கடலிலை ஆர் உங்களை வரச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"படகு கவிண்டிருந்தால்? நான் ஆருக்கு என்ன பதில் சொல்லுறது? தை மாசம் எண்டு உங்கடை அண்ணரிட்டைச் சொன்னனான்தானே!"

"என்னட்டைச் சொல்லேல்லையே" என்றாள் உதயகலா. கால் இன்னும் படகில் நிற்பதுபோல ஆடியது. இறங்குதுறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "தை மாசத்துக்கு வைக்க உங்களுக்கு விருப்பமோ, இல்லாட்டி என்னைக் கட்டவே விருப்பமில்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ. லெனாட் அண்ணை திரும்பிப் போறார். நாங்கள் ஏறிப் போறம். நான் அழமாட்டன், சண்டை பிடிக்கமாட்டன்."

லெனாட் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பராசக்தி குடையை விரிக்கப் பார்த்தார். அது மறுபக்கம் மடிந்தது.

"விருப்பமில்லை எண்டு நான் எப்ப சொன்னனான்?" என்றார் குகதாசன். குரல் இறங்கியிருந்தது.

"அப்ப கலியாணம் நாளைக்குத்தான்."

அவர் அம்புலன்ஸை நோக்கி நடந்தார். வண்டியின் முன்கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்கோ. சின்னம்மா, நீங்களும் ஏறுங்கோ. நனையாதேங்கோ."

நோயாளியைக் கரைசேர்த்துவிட்டு, காற்று முற்றமுன் திரும்பிவந்து சேர்வதாகச் சொல்லி லெனாட் படகைத் திருப்பினார். சொன்னபடியே பின்னேரத்துக்குள் வந்தும் சேர்ந்தார்.

அம்புலன்ஸ் தீவின் ஒடுங்கிய தெருவில் ஓடியது. இருபுறமும் பவளக்கல் அடுக்கிய வேலிகள். ஒரு மதிலின் மறைவில் தீவின் காட்டுக் குதிரைகள் கூட்டமாக நெருக்கிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. உதயகலா அவற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். குகதாசன் கண்ணைத் தெருவிலிருந்து எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தாதி வினோஜாவிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு, பாடசாலையில் தங்கவைக்க ஆட்களை ஏற்றப் போய்விட்டார்.

வினோஜா மாற்றுடையும் சூடான தேத்தண்ணியும் கொடுத்தாள். இருபத்தேழு வயது இருக்கும். புத்தூர்ப் பிள்ளை. "அவர் கோவக்காரர் இல்லை அக்கா" என்றாள். "நேற்று லீவு நிப்பாட்டினதுக்குப் பிறகு ஒரு சொல்லும் கதைக்கேல்லை. வாகனத்தைக் கழுவிக்கொண்டே இருந்தவர். கழுவி முடிஞ்சதுக்குப் பிறகும் கழுவிக்கொண்டிருந்தவர்."

*

பின்னேரம் காற்றின் குரல் மாறியது. அதுவரை விட்டுவிட்டு வீசியது, இப்போது மூச்சுவிடாமல் ஊதியது. கரண்ட் போனது. பனை மட்டைகள் பறந்துவந்து சுவரில் அடித்தன. அந்த நேரத்தில்தான் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நீரில் குளித்தவனாய் வந்து சேர்ந்தான். மேற்குக் கரையோரத்தில் முருகேசு என்பவருடைய மனைவி சின்னாச்சிக்கு இழுப்பு வந்து மூச்செடுக்க முடியாமல் கிடக்கிறாளாம், உதடு நீலமாகிவிட்டதாம்.

குகதாசன் சாவியை எடுத்தார். கூடப் போகவேண்டிய உதவியாளர் பாடசாலைப் பக்கம் போய் அகப்பட்டுவிட்டார். வார்டில் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு வினோஜாவாலும் டொக்டராலும் அசைய முடியாது.

"நான் வாறன்" என்றாள் உதயகலா.

"வேண்டாம்."

"ஆளைத் தூக்க ரெண்டு பேர் வேணுமோ வேண்டாமோ?"

அவர் கதவைத் திறந்து பிடித்தார். "வாங்கோ" என்றார்.

பாதித் தூரம் போனதும் வண்டி நின்றது. தெருவுக்குக் குறுக்கே ஒரு பனை விழுந்து கிடந்தது. அதற்கு அப்பால் தெரு தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. குகதாசன் இறங்கி, ஒட்சிசன் சிலிண்டரைத் தோளில் தூக்கினார். "அரை மைல் தூரம்தான். நடந்துபோய் இதைக் குடுத்தால் கொஞ்சம் தாங்குவா. பிறகு தூக்கிக்கொண்டு வரப் பாப்பம்."

"முழங்காலளவு தண்ணியிலை, இந்தக் காத்துக்குள்ளை, ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டோ?"

உதயகலா சுற்றிப் பார்த்தாள். பக்கத்து வளவில் கல்வேலி சரிந்து ஒரு பெரிய இடைவெளி விழுந்திருந்தது. உள்ளே தகரக் கொட்டிலில், பின்னால் இழுவைப் பெட்டி பூட்டியபடி ஒரு லான்ட்மாஸ்டர் நின்றது. வீட்டில் ஆட்களில்லை, கதவு கட்டியிருந்தது.

"அது ஆரின்ரை?"

"தெரியாது. பாடசாலைக்குப் போயிருப்பினம். கேக்காமல் எப்பிடி..."

"நாளைக்குக் கேப்பம்."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டிலுக்குள் போனாள். கைப்பிடியை எஞ்சினில் பொருத்திச் சுழற்றினாள். பிடிக்கவில்லை. இன்னொருமுறை. தோள்மூட்டு கழன்றுவிடும்போல இருந்தது. மூன்றாம்முறை எஞ்சின் இருமி, கறுப்புப் புகை கக்கி, படபடவென்று பற்றிக்கொண்டது. குகதாசன் சிலிண்டரோடு பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். அவள் நீண்ட இரு கைப்பிடிகளையும் பிடித்துத் திருப்பி, சரிந்த வேலிக்கல்லின் மேலாக ஏற்றி, பனையைச் சுற்றி, தெருவில் இறக்கினாள்.

தண்ணீர் சக்கரத்தின் அரைவாசிக்கு வந்தது. தெரு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. "வலக்கைப் பக்கம் மதிலோடை போங்கோ... இப்ப இடக்கை... கிணறு கிடக்குது, கவனம்!" என்று பின்னாலிருந்து குகதாசன் கத்தினார். அவருக்குத் தீவின் ஒவ்வொரு முடக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு அந்த வண்டியின் ஒவ்வொரு உதறலும் தெரிந்திருந்தது. மழை முகத்தில் மணலை எறிவதுபோல அடித்தது. பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு இடம் கொடுக்கக் கை ஓய்வாக இல்லை.

முருகேசுவின் வீட்டில் கூரையின் ஒரு பக்கம் போயிருந்தது. மூலையில், வாங்கில், சின்னாச்சி இரண்டு கையையும் ஊன்றிக் குந்தியிருந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மனைவியின் முதுகைத் தடவியபடி முருகேசு, "வந்திட்டினம், வந்திட்டினமடி" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். குகதாசன் முகமூடியைப் பொருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைப் பாருங்கோ ஆச்சி. மெல்ல மெல்ல. அவசரமில்லை" என்றார். ஆஸ்பத்திரி வாங்கில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு பேசிய அதே குரல். உதயகலாவுக்கு அந்த நேரத்திலும் அது காதில் விழுந்தது.

திரும்பும்போது நான்கு பேரும் வந்தார்கள். படங்குத் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்தபடி இரண்டு ஆண்களும் நடுவில் சின்னாச்சியை அணைத்துக்கொண்டார்கள். லான்ட்மாஸ்டர் ஒருமுறை பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. உதயகலா கைப்பிடியை உயர்த்தி, பல்லைக் கடித்து, உடம்பு முழுவதையும் கொடுத்துத் தள்ளினாள். முருகேசுவும் இறங்கித் தள்ளினார். சக்கரம் ஏறியது. பனைக்கு மறுபுறம் அம்புலன்ஸ் விளக்கு எரிந்தபடி நின்றதைக் கண்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. மழையில் அது ஒருவருக்கும் தெரியவில்லை.

சின்னாச்சியை வார்டில் சேர்த்து, மூச்சு சீரானபிறகு, நடையில் இருவரும் ஈரத்தோடு நின்றார்கள். மெழுகுதிரி ஒன்று போத்தலுக்குள் எரிந்தது.

"ஒண்டு சொல்லட்டே?" என்றார் குகதாசன். "தை மாசம் எண்டு சொன்னது லீவுக்காக மட்டுமில்லை. உங்களை ஒரு நல்ல நாளிலை, கடல் நித்திரை கொள்ளேக்கை, இஞ்சை கூட்டிவரோணும் எண்டிருந்தன். புயலுக்குள்ளை முதல்முதல் இந்தத் தீவைப் பாத்தால் ஆர்தான் இருப்பினம்? மனம் மாறிப்போடுவியள் எண்டு எனக்குப் பயம்."

"நான் கூடாத நாளிலையே பாத்திட்டன்" என்றாள் அவள். "இனி நல்ல நாள் எல்லாம் லாபம்தானே."

அவர் சிரித்தார். காலையிலிருந்து முதன்முறையாக.

*

இரவு முழுதும் காற்று தீவைப் பிடித்து உலுப்பியது. விடிந்தபோது அது ஓய்ந்து, வெறும் மழை மட்டும் தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிட்டவிருந்த பிள்ளையார் கோயிலின் மண்டபக் கூரையில் ஒரு பக்கம் போய்விட்டது. மூலஸ்தானம் நின்றது, ஆனால் அதன் மேலாலும் மழை ஒழுகியது. ஐயர் முட்டளவு தண்ணீரில் நின்று உள்ளே கிடந்த மட்டைகளை எடுத்து எறிந்துகொண்டிருந்தார். விசயத்தைக் கேட்டதும் எறிவதை நிறுத்தினார்.

"இண்டைக்கோ?"

"முகூர்த்தம் இண்டைக்குத்தான் ஐயா" என்றாள் உதயகலா.

பாடசாலையில் தங்கியிருந்த சனம் விளக்குமாறும் வாளியும் கொண்டுவந்து தண்ணீரை இறைத்து மண்டபத்தைக் கழுவியது. வாழை எல்லாம் முறிந்திருந்தபடியால், விழுந்த வாழைகளிலிருந்தே இரண்டை எடுத்துக் கட்டினார்கள். உழவு வண்டிக்காரர் தானாகவே வந்துவிட்டார். தன் வண்டியை யாரோ எடுத்து ஓடியதைக் கேள்விப்பட்டு சண்டைக்கு வந்தவர், எதற்கென்று தெரிந்ததும், பெட்டி நிறையத் தேங்காய் ஏற்றிவந்தார். வினோஜா உதயகலாவுக்குக் கூறை உடுத்திவிட்டாள். குகதாசன் இரவுக் கடமையிலிருந்து நேரே வந்து, கிணற்றடியில் குளித்து, வேட்டி கட்டினார். அம்புலன்ஸ் கோயில் வாசலில், யாராவது கூப்பிட்டால் போவதற்கு ஆயத்தமாக நின்றது.

ஓமம் வளர்த்து எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஐயர் நிமிர்ந்து, "பொம்பிளையைத் தாரைவாத்துக் குடுக்க ஆர் இருக்கினம்? தகப்பனோ, தமையனோ?" என்று கேட்டார்.

உதயகலாவுக்கு அண்ணனின் முகம் வந்து நின்றது.

"சின்னம்மா இருக்கிறா" என்றாள்.

பராசக்தி பின்னால் நகர்ந்தார். கணவன் போய்ப் பதினைந்து வருடம். மங்கல காரியம் எதிலும் அவர் முன்னுக்கு நின்றதில்லை. அன்றும் தூணோடு ஒதுங்கித்தான் நின்றார். "வேண்டாம் பிள்ளை. நான் தொடப்படாது. இஞ்சை வேறை ஆரையும் தம்பதியாய்க் கூப்பிடுவம்."

"என்னோடை கடல் கடந்து வந்தது நீங்கள்தான் சின்னம்மா. சத்தி எடுக்கேக்கை நெத்தியைத் தாங்கினது நீங்கள்தான். வேறை ஒருத்தர் குடுத்து நான் போகமாட்டன்." அவள் ஐயரைப் பார்த்தாள். "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ. ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. ஆனால் இவதான்."

ஐயர் நெருப்பைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். தலைக்கு மேலே கூரையில்லாத பக்கத்தால் மழை உள்ளே தூறிற்று. கடைசியில் அவர் செம்பை எடுத்துப் பராசக்தியிடம் நீட்டினார். "பிள்ளையாரே தலை நனைஞ்சு கொண்டு இருக்கிறார். அவர் ஒண்டும் சொல்லேல்லை. நான் ஆர் சொல்ல? வாங்கோ அம்மா."

பராசக்தி முன்னுக்கு வந்து செம்பை வாங்கினார். தண்ணீரை வார்த்தபோது கண்ணீரும் சேர்ந்துதான் விழுந்தது. நாதஸ்வரம் இல்லை, மேளம் இல்லை. ஐயர் தலையை அசைத்ததும் லெனாட் கோயில் மணிக்கயிற்றை, படகுக் கயிற்றை இழுப்பதுபோல இழுத்தார். அந்தச் சத்தத்தில் குகதாசன் தாலி கட்டினார். பின்னால் நின்ற முருகேசு, மனைவிக்குப் போய்ச் சொல்லவேண்டுமென்று, சோறு உண்ணக்கூட நில்லாமல் வார்டுக்கு ஓடினார்.

*

கடல் அடங்கிப் படகு ஓடத் தொடங்க மூன்று நாளாயிற்று. முதல் படகில் தயாபரன் வந்து இறங்கினார். இரண்டு வாழைக்குலை, பலகாரத் தகரம், ஒரு சாக்கு வெங்காயம், பின்னால் தனுசியா. அவரைக் காண உதயகலாவின் கால்கள் தாமாகவே ஓடின.

"ஒரு போன் எடுக்கேல்லை நீ" என்றார் அவர். தாடி வளர்ந்திருந்தது. "மூண்டு நாள். செத்தியோ இருக்கிறியோ எண்டு தெரியாது. குறிகட்டுவான் துறையிலை வந்து வந்து நிண்டிட்டுப் போனன்."

"போன் கோபுரம் விழுந்திட்டுது அண்ணை. லைன் இல்லை."

அவர் அவளுடைய கழுத்தைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். "ஆர் குடுத்தது உன்னை?"

"சின்னம்மா."

அவர் கையிலிருந்த வாழைக்குலையைத் தொப்பென்று கீழே வைத்தார். கோபமாகவும் இருந்திருக்கலாம், வேறொன்றாகவும் இருந்திருக்கலாம். குகதாசன் வந்து வெங்காயச் சாக்கைத் தூக்கக் கைவைத்தார்.

"விடுங்கோ, பாரம்" என்றார் தயாபரன்.

"பறவாயில்லை மச்சான்."

"ஒரு பக்கம் நான் பிடிக்கிறன்."

இருவரும் சாக்கை ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு துறையால் நடந்தார்கள். முன்னுக்குப் போன தனுசியா திரும்பி, "மச்சாள், உதென்ன உங்கை நிக்கிறது, குதிரையே?" என்று கூவினாள்.

"ஓம், குதிரைதான்" என்றாள் உதயகலா. "வாருங்கோ, காட்டுறன்."